படுக்கையிலிருந்தே பெருவிழாக் கண்ட புனித கிளாரா

தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்று சொன்னால் நம் பள்ளிச் சிறுமியர் சிலர் நகைப்பர். தொலைந்த பொருளைத் தேடித் தரப் பதுவைப் புனித அந்தோனியாரை நாடாத இல்லமில்லை. கண்ணோய்க்குப் புனித லூசியம்மாளையும், பாடகருக்குப் புனித செசிலியம்மாளையும் நாம் அறிவோம். ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஒரு புனிதையா? ஆம், 1958-ஆம் ஆண்டில் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அப்பொறுப்பை அசிசி நகர்ப் புனித கிளாராவுக்கு அளித்தார். அப்பொழுது அவர் இறந்து 705 ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்சாரம் என்னும் சொல்லையே அறியாத நூற்றாண்டில் பிறந்து, ஏறத்தாழ 42 ஆண்டுகளை ஒரே மடத்தின் சுவர்களுக்குள் கழித்து, அவற்றுள் 28 ஆண்டுகள் பெரும்பாலும் நோயுற்றே இருந்த ஒரு துறவிப் பெண்ணுக்கு இப்பெருமை எப்படி வந்தது?

2020-ஆம் ஆண்டின் தவக்காலத்தை நம் பெற்றோர் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். மார்ச் 25 முதல் நாடே கதவடைத்துக் கிடந்தது. ஏப்ரல் 5 அன்று குருத்து ஞாயிறு. குருத்தோலையும் இல்லை, பவனியும் இல்லை. ஆலயக் கதவுகள் மூடியிருக்க, உள்ளே குருவானவர் ஓரிருவருடன் திருப்பலி நிறைவேற்றினார். வெளியே நாம் எல்லாரும் கைப்பேசியின் முன்னும் மாதா தொலைக்காட்சியின் முன்னும் அமர்ந்திருந்தோம். சில இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் சேலையை உடுத்தி, மெழுகுதிரி ஏற்றி, முழந்தாளிட்டுப் பங்கேற்றார்கள். சில இல்லங்களில் பாதித் திருப்பலி நடக்கும்போதே காய் நறுக்கினார்கள். இரண்டும் நடந்தன என்பதை நாம் அறிவோம். அந்நாட்கள் கடந்து ஆலயங்கள் திறந்த பின்னரும், வீட்டிலிருந்தே திருவழிபாட்டைக் காணும் பழக்கம் முற்றும் போய்விடவில்லை. முடியாதவர்களுக்கு அது ஒரு வரம்; முடிந்தவர்களுக்கு அது ஒரு சோதனை. இதைப் பற்றி யாரிடம் பாடம் கேட்கலாம் என்று தேடினால் கிளாரா அம்மையாரைப் போல் தகுதியுள்ளவர் வேறொருவர் எனக்குத் தோன்றவில்லை.

இத்தாலி நாட்டின் நடுவே உம்பிரியா என்னும் மலைநாடு உள்ளது. அதில் சுபாசியோ மலையின் சரிவில் அமைந்தது அசிசி நகரம். அந்நகரில், 1193 அல்லது 1194-ஆம் ஆண்டில், பாவரோனே என்னும் வீரருக்கும் ஓர்த்தொலானா என்னும் அம்மையாருக்கும் மூத்த மகளாகக் கிளாரா பிறந்தார். புனித ரூபினோ பேராலயத்துக்கு அருகிலேயே அவர்கள் மாளிகை இருந்தது. குதிரையும் வாளும் பணியாட்களும் நிறைந்த வீடு அது. தாயார் ஓர்த்தொலானா பக்தி மிகுந்தவர். அக்காலத்தில் பெண்கள் துணியாத திருப்பயணங்களைத் துணிந்து மேற்கொண்டு, கடல் கடந்து புனித நாட்டுக்கே சென்று வந்தவர். கிளாராவுக்கு வயது ஐந்தாறு இருக்கும்போது அசிசியில் பிரபுக்களுக்கும் பொதுமக்களுக்கும் கலகம் மூண்டது. பிரபுக் குடும்பங்கள் பலவும் அண்டை நகரான பெரூஜியாவுக்கு ஓடின. கிளாராவின் குடும்பமும் அவ்வாறே சென்றது. ஆக, வீட்டையும் ஊரையும் கோயிலையும் விட்டு அந்நிய ஊரில் சில ஆண்டுகள் வாழ்வது எப்படியிருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே அவர் கண்டார்.

ஊர் திரும்பியபின் வளர்ந்து மணப்பருவம் எய்திய கிளாராவுக்குப் பெரிய இடங்களிலிருந்து வரன்கள் வந்தன. அவரோ ஒன்றுக்கும் இசையவில்லை. தமக்கு வைத்த உணவை மறைத்து ஏழைகளுக்கு அனுப்பிவந்தார். அக்காலத்தில்தான் துணி வணிகர் பெர்னார்தோனேயின் மகன் பிரான்சிஸ், தந்தையின் செல்வத்தையெல்லாம் துறந்து, கந்தலுடுத்தி, நற்செய்தியை மொழிந்து தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார். ஊரார் சிலர் அவரைப் பித்தர் என்றனர். கிளாரா அவருடைய மறையுரையைக் கேட்டார்; பிறகு ஓர் உறவினப் பெண்ணைத் துணையாகக் கொண்டு மறைவாகச் சென்று பலமுறை அவருடன் உரையாடினார். தாமும் அவ்வழியே செல்வதென உறுதி பூண்டார்.

1212-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று நடந்ததை நம் மாணவியர் கூர்ந்து கவனிக்க வேண்டும். கிளாரா தம் ஆடை அணிகளில் சிறந்ததைப் பூண்டு குடும்பத்தாரோடு பேராலயத்துக்குச் சென்றார். மற்றப் பெண்கள் எல்லாரும் எழுந்து பீடத்தருகே போய்க் குருத்து வாங்கினர். கிளாரா மட்டும் தம் இடத்தைவிட்டு அசையவில்லை. நாணமோ, அன்றிரவு செய்யப்போவதை எண்ணிய கலக்கமோ, எதுவோ அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. அதைக் கண்ட ஆயர் குயிதோ பீடத்தின் படிகளை விட்டிறங்கி, அவர் இருந்த இடத்துக்கே நடந்து வந்து, குருத்தை அவர் கையில் வைத்தார். வரலாற்றில் சிறிய நிகழ்ச்சிதான். 2020-இல் குருத்தில்லாத குருத்து ஞாயிற்றன்று இந்நிகழ்ச்சியை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிற்று. வர இயலாமல் இருந்த இடத்திலேயே இருந்தவருக்குத் திருச்சபை எழுந்து நடந்து வந்தது!

அன்றிரவு, விறகும் கல்லும் அடைத்துக் கிடந்த ஒரு பக்கவாயிலைத் தம் கையாலேயே திறந்துகொண்டு கிளாரா வெளியேறினார். மலையடிவாரத்தில் போர்சியுங்கோலா என்னும் சிற்றாலயத்தில் பிரான்சிசும் சகோதரர்களும் தீப்பந்தங்களோடு காத்திருந்தனர். அங்கே பிரான்சிஸ் அவருடைய கூந்தலைக் கத்தரித்தார். பட்டாடை போயிற்று, முரட்டுத் துணி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 18. பிறகு அவர் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டார். உறவினர் கூட்டமாக வந்து இழுத்துச்செல்ல முயன்றபோது, ஒரு கையால் பீடத்துணியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் முக்காட்டை விலக்கி மழித்த தலையைக் காட்டினார். அவர்கள் திரும்பினார்கள். ஆனால் பதினாறே நாட்களில் தங்கை கத்தரீனும் அக்காளிடம் ஓடி வந்துவிட்டாள். பன்னிரண்டு ஆட்கள் வந்து அவளை அடித்து இழுத்தும் கொண்டுபோக முடியவில்லை. அவளுக்கு ஆக்னஸ் என்னும் பெயரைப் பிரான்சிஸ் சூட்டினார். பின்னாளில் இளைய தங்கை பெயாத்ரிசும், ஏன், தாயார் ஓர்த்தொலானாவுமே மடத்தில் வந்து சேர்ந்தனர் என்றால் அந்தக் குடும்பத்தின் வேகத்தை என்னென்பது!

நகர மதிலுக்கு வெளியே, ஒலிவ மரங்களுக்கு நடுவே, சான் தமியானோ என்னும் பழைய சிற்றாலயம் இருந்தது. பிரான்சிஸ் தம் மனமாற்றத்தின் தொடக்கத்தில் கல் சுமந்து பழுதுபார்த்த ஆலயம் அது. அங்கேதான் கிளாராவும் தோழியரும் குடியேறினர். 1238-ஆம் ஆண்டின் பத்திரம் ஒன்றில் அம்மடத்துச் சகோதரியர் ஐம்பதின்மரின் பெயர்கள் காணப்படுகின்றன. நிலமில்லை, வாடகை வருமானமில்லை. கைவேலையும் பிச்சையுமே வாழ்வு. 1215 முதல் கிளாரா விருப்பமின்றியே மடத்துத் தலைமையை ஏற்றார். தலைவியாயிருந்தும் மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் அவர் வேலையாகவே இருந்தது. குளிர்கால இரவுகளில் எழுந்து சென்று உறங்கும் சகோதரியருக்குப் போர்வை இழுத்து மூடுவார். வெளியே சென்று வந்த சகோதரியரின் காலைக் கழுவுவார். ஒருமுறை ஒருத்தி வெட்கப்பட்டுக் காலை வெடுக்கென இழுக்க, அது கிளாராவின் வாயிலேயே பட்டது. அவர் புன்முறுவலோடு அப்பாதத்தை மீண்டும் பற்றி முத்தமிட்டார்.

தொடக்க ஆண்டுகளில் அவர் தம் உடலை வருத்தியது அளவுக்கு மீறியதே என்பது என் எண்ணம். திராட்சைக் கொடிகளின்மேல் படுப்பார். வாரத்தில் மூன்று நாள் ஒன்றும் உண்ணமாட்டார். இறுதியில் பிரான்சிசும் ஆயரும் சேர்ந்து, வைக்கோல் மெத்தையில்தான் படுக்க வேண்டும், நாள்தோறும் சிறிதளவேனும் அப்பம் உண்ண வேண்டும் எனக் கட்டளையிட நேர்ந்தது. அவர் கீழ்ப்படிந்தார். ஆயினும் 1224-ஆம் ஆண்டளவில் உடல் நலிந்து படுக்கையில் விழுந்தார். அப்பொழுது வயது முப்பது. அதன்பின் 28 ஆண்டுகள்!

இங்கேதான் நமக்கு வேண்டிய பாடம் தொடங்குகிறது. எழுந்து நடக்க இயலாத நாட்களில் கிளாரா என்ன செய்தார்? முதுகுக்குப் பின்னால் ஏதேனும் தாங்கல் வைத்துத் தம்மை உட்காரவைக்கச் செய்து நூல் நூற்றார். மிக மெல்லிய வெண்துணி அதிலிருந்து நெய்யப்பட்டது. திருப்பலியில் பீடத்தின்மேல் விரித்து அப்பமும் திருக்கிண்ணமும் வைக்கும் திருமேனித்துகில்களாக அத்துணி தைக்கப்பட்டது. பட்டு உறைகளில் இட்டு, ஆயரின் ஆசி பெற்று, சகோதரர்களின் கையில் கொடுத்து அசிசியின் சமவெளியிலும் மலைகளிலும் இருந்த ஏழை ஆலயங்களுக்கெல்லாம் அவற்றை அனுப்பினார். ஐம்பது இணைக்குமேல் அனுப்பினார் என்று உடனிருந்த சகோதரி ஒருவர் பிற்காலத்தில் சாட்சி சொன்னார். தாம் போக முடியாத ஆலயங்களின் பீடத்தில் தம் கைநூல் விரிந்து கிடக்க, அதன்மேல் திருப்பலி நடந்தது. திருவழிபாட்டில் பங்குகொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த மறைக்கல்வி நூலிலும் படித்ததில்லை.

அவர் எழுதிய மட ஒழுங்கையும் சிறிது பார்ப்போம். எழுத்தறிந்த சகோதரியர் இலத்தீன் கட்டளைச் செபத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தறியாதவர்களோ? அவர்களைச் சும்மா உட்கார்ந்து கேட்கும்படி கிளாரா விட்டுவிடவில்லை. நள்ளிரவுச் செபத்துக்கு ஈடாக 24 பரலோக மந்திரம், விடியற்காலைப் புகழுக்கு 5, பகலில் வரும் நான்கு வேளைச் செபங்களுக்குத் தலா 7, மாலைச் செபத்துக்கு 12, இரவுச் செபத்துக்கு 7 என்று வகுத்தார். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 76. மொழி விளங்காவிட்டாலும், வாசிக்கத் தெரியாவிட்டாலும், ஒவ்வொருத்திக்கும் செய்வதற்கு ஒரு பங்கு இருந்தது. திவ்விய நற்கருணை உட்கொள்வதோ ஆண்டுக்கு ஏழு முறைதான். கிறிஸ்து பிறப்பு, பெரிய வியாழன், உயிர்ப்பு, பெந்தகோஸ்து, தேவதாயின் விண்ணேற்பு, புனித பிரான்சிஸ் திருநாள், சகல புனிதர் திருநாள் ஆகியவை அந்நாட்கள். நாள்தோறும் நன்மை வாங்கும் வாய்ப்புள்ள நமக்கு இது வியப்பாயிருக்கும். அக்காலத்து வழக்கம் அது. ஏழு முறைக்காக ஆண்டு முழுவதும் ஏங்கியிருந்தவர்களின் பசியை நாம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பசி எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1230-இல் பாப்பரசர் 9-ஆம் கிரகோரியார், தம் தனி அனுமதியின்றிச் சகோதரர்கள் கன்னியர் மடங்களுக்குள் செல்லலாகாது என்று கட்டளை பிறப்பித்தார். சான் தமியானோவுக்கு வந்து மறையுரை ஆற்றிவந்த சகோதரர்களுக்கும் அது தடையாயிற்று. கிளாரா என்ன செய்தார் தெரியுமா? ஆன்ம உணவு தருவோரைத் தடுத்தபின் வயிற்றுணவு கொண்டுவருவோர் மட்டும் நமக்கெதற்கு என்று, பிச்சை ஏற்றுக் கொணர்ந்துவந்த சகோதரர்களையும் மடத்திலிருந்து திருப்பியனுப்பிவிட்டார். மடம் பட்டினி கிடக்க ஆயத்தமாயிற்று. செய்தி எட்டியதும் பாப்பரசர் கட்டளையைத் தளர்த்தினார். நம் கன்னியர் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள் என்று எண்ணுகிறேன்! கிடைத்தது போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்துவிடும் மனம் அவருக்கு இல்லை. தடையிருக்கும்போது தடைக்குள்ளேயே இறைவனைக் கண்டார்; தடை நீங்க வழியிருந்தபோது அதற்காகப் போராடவும் செய்தார்.

தொலைவிலிருந்து உறவாடுவதிலும் அவர் வல்லவர். பொகேமியா நாட்டு அரசர் முதலாம் ஒத்தொகாரின் மகள் ஆக்னஸ், மாமன்னர் 2-ஆம் பிரெடரிக்கை மணக்க மறுத்துப் பிராகு நகரில் மடம் அமைத்துத் துறவியானார். கிளாராவும் அவரும் ஒருபோதும் நேரில் சந்தித்ததில்லை. கிளாரா எழுதிய நான்கு கடிதங்கள் மட்டுமே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிச் சென்றன. அவை இன்றும் உள்ளன. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் நாள்தோறும் கிறிஸ்துவை உற்று நோக்குமாறு கடைசிக் கடிதங்களில் அவர் அறிவுறுத்துகிறார். முகம் காணாத இவ்விருவரின் நட்பு இருபது ஆண்டுகள் நீடித்தது. 1989-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று பாப்பரசர் 2-ஆம் ஜான் பால் ஆக்னஸ் அம்மையாரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

1226-இல் பிரான்சிஸ் மரணப் படுக்கையில் இருந்தார். அதே வாரத்தில் கிளாராவும் கடும் நோயுற்று, தம் ஞானத் தந்தையைக் காணாமலே இறந்துவிடுவோமோ என்று அழுதார். பிரான்சிஸ் ஆசியைக் கடிதமாக எழுதியனுப்பி, இறப்பதற்கு முன் கிளாரா தம்மைக் காண்பார் என்று சொல்லியனுப்பினார். அக்டோபர் 3 மாலையில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் காலை அவருடைய உடலை நகருக்குக் கொண்டுசென்ற மக்கள், சான் தமியானோ வழியாகச் சென்றனர். சகோதரியர் நற்கருணை வாங்கும் சாளரத்தின் இரும்புக் கம்பிகள் அகற்றப்பட்டன. சகோதரர்கள் அவ்வுடலைக் கைகளில் ஏந்தி, கன்னியர் ஆசைதீரக் காணும்வரை தாங்கி நின்றனர். காண்பார் என்று சொன்ன வாக்கு அப்படித்தான் நிறைவேறியது.

1240-இல் மாமன்னர் பிரெடரிக்கின் கூலிப்படை மடத்து மதிலில் ஏறிவிட்ட கதை யாவரும் அறிந்தது. ஓவியங்களில் கிளாரா கதிர்ப்பாத்திரத்தை உயர்த்திப் பிடித்து மதில்மேல் நிற்பார். ஆனால் அன்று உடனிருந்தோர் சொன்னது வேறு. நோயாளியான அவர் தாங்கிப் பிடிக்கப்பட்டு உணவறை வாயில்வரை வந்தார். நற்கருணை வைத்திருந்த சிறு பேழையை முன்னே கொண்டுவரச் செய்து, தரையில் விழுந்து அழுது மன்றாடினார். படை பின்வாங்கியது. ஓவியத்தைவிட இச்சாட்சியமே எனக்கு அழகாகத் தோன்றுகிறது; நிற்கவும் முடியாதவரின் செபம் அது.

சிறுமியர் மகிழ ஒரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அருகில் யாருமில்லாதபோது கிளாராவுக்கு ஒரு துண்டு தேவைப்பட்டது. மடத்துப் பூனையை அழைத்துக் கொண்டுவரச் சொன்னார். அது துண்டைத் தரையில் இழுத்து வந்தது. அழுக்காக்குகிறாயே என்று கடிந்துகொள்ள, பூனை துண்டைச் சுருட்டித் தரையில் படாமல் கொணர்ந்ததாம். புனிதர் பட்ட விசாரணையில் ஒரு சகோதரி ஆணையிட்டுச் சொன்ன சாட்சியத்தில் இப்பூனையும் இடம்பெற்றுவிட்டது!

இனி 1252-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவு. கிளாரா இவ்வுலகில் கண்ட கடைசிப் பிறப்பு விழா அது. நள்ளிரவுச் செபத்துக்கு மணி அடித்தது. சகோதரியர் ஒவ்வொருவராக எழுந்து சிற்றாலயத்துக்குச் சென்றனர். அவர்கள் போகத்தானே வேண்டும்? கிளாராவால் எழ முடியவில்லை. குளிர்ந்த அறையில் தனியே கிடந்தார். 1223-இல் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் மாடும் கழுதையும் வைக்கோலும் கொண்டு குடில் அமைத்த நாள்முதல், அச்சபையாருக்கு அவ்விழா எல்லா விழாக்களிலும் இனியது. அந்த விழாவிலே அவர் தனியே! பெருமூச்சு விட்டு, ஆண்டவரே, இதோ உம்மோடு இங்கே தனியே விடப்பட்டேன் என்னும் பொருள்பட முறையிட்டார். அந்த முறையீட்டில் சற்றே மனத்தாங்கலும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. புனிதர்களும் நம்மைப்போல் மனிதர்களே.

உடனே ஆர்கன் ஒலி கேட்கத் தொடங்கியது. சகோதரர்கள் பாடும் சங்கீதமும் பதிலுரையும் கேட்டன. நகரின் மறுகோடியில், மேட்டின்மேல், பிரான்சிசின் கல்லறைமேல் எழுந்திருந்த பெரிய ஆலயத்தில் நடந்த வழிபாடு முழுவதும், தாம் அங்கேயே இருப்பதுபோல் அவருக்குக் கேட்டது. எவ்வளவு கூர்மையான செவிக்கும் எட்டாத தொலைவு அது. ஆண்டவருடைய குடிலும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் சகோதரியர் திரும்பி வந்தபோது, தம்மை அவர்கள் தனியே விட்டுச் சென்றாலும் ஆண்டவர் விட்டுவிடவில்லை என்று சொல்லி, கேட்டதையும் கண்டதையும் மகிழ்ச்சியோடு விவரித்தார். அவர் வாயிலிருந்து கேட்ட பிலிப்பா, அமாத்தா, பல்வீனா என்னும் சகோதரியர் 1253-ஆம் ஆண்டு இறுதியில் நடந்த விசாரணையில் இதற்குச் சாட்சி கூறினர். சுவரில் படம் ஓடுவதுபோலக் கண்டார் என்பது பிற்காலத்தார் சேர்த்தது. சாட்சியங்களில் சுவர் இல்லை. தொலைக்காட்சி வந்தபின் அந்தச் சுவர் நமக்கு வசதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த இரவை அற்புதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட மனம் வரவில்லை. கிளாரா தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மணி அடித்த வேளை அவருக்குத் தெரியும். அந்த வேளைக்குரிய சங்கீதங்கள் நாற்பதாண்டுப் பழக்கத்தால் மனத்தில் ஊறியிருந்தன. பாட்டின் ஒலி வந்து சேருமுன்பே அவர் உள்ளம் அவ்வழிபாட்டில் இருந்தது. நம் வீட்டில் நேரலையாகத் திருப்பலி காண்பவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். ஞாயிற்றுக்குரிய வாசகங்களை முந்தைய மாலையே வீட்டில் ஒருவர் உரக்க வாசித்துவிட்டால் மறுநாள் அவை புதிதாய் வந்து மோதா. கைப்பேசியைப் படுக்கையில் சாய்ந்து கையில் பிடித்துப் பார்ப்பதைவிட, மேசைமேல் விரிப்பிட்டு, சிலுவையும் மெழுகுதிரியும் வைத்து, அவற்றின் அருகே நிறுத்துவது மேல். பிற அழைப்புகள் இடையே வந்து குதிக்காமல் முன்னரே தடுத்துவிட வேண்டும். குருவானவருக்கு உரிய பதிலை வாய்விட்டுச் சொல்லலாம். நிற்கும் இடத்தில் நிற்கலாம், முழந்தாளிடும் இடத்தில் முழந்தாளிடலாம். முடியாத பாட்டி உட்கார்ந்தபடியே கைகூப்பலாம். குழம்பு தாளிப்பது திருப்பலிக்கு முன்னோ பின்னோ நடக்கட்டும். நன்மை வாங்கும் வேளையில் ஆண்டவரை உள்ளத்தில் எழுந்தருளுமாறு மன்றாடும் செபம் ஒன்றைப் புனித அல்போன்ஸ் லிகோரியார் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துள்ளார்; 2020-இல் பல பங்குகளில் நேரலையின்போது அதுவே ஓதப்பட்டது. பிறகு, கிளாராவின் திருமேனித்துகில் போல, நம் கையிலிருந்தும் ஏதாவது அந்த ஆலயத்துக்குப் போய்ச்சேர வேண்டாமா? காணிக்கை உறையோ, பீடத்துக்குத் தொடுத்த பூச்சரமோ, அவரவருக்கு இயன்றது.

காலையில் சகோதரியரிடம் பேசிய கிளாரா, இனி நீங்களும் ஆலயத்துக்குப் போகவேண்டாம், இருந்த இடத்திலேயே கேட்கும் என்று சொல்லவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. உடல்நலம் உள்ளோர் ஞாயிறு திருப்பலிக்கு நேரில் செல்வதே கடமை. 2020 செப்டம்பரில் வெளியான வத்திக்கான் திருவழிபாட்டுப் பேராயத்தின் மடலும், ஒளிபரப்பு நோயாளிக்கும் வர இயலாதவருக்கும் பெரும் தொண்டு எனப் பாராட்டிவிட்டு, அது நேரில் பங்குகொள்வதற்கு ஈடாகாது என்றே கூறியது. வழிபாட்டுக்குச் செல்ல இயலாத நிலை வந்தால் தனியாகவோ குடும்பமாகவோ பல குடும்பங்கள் கூடியோ தக்க நேரம் செபிக்குமாறு 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பரிந்துரைக்கிறது. ஆக, வீட்டுத் திண்ணையும் வழிபாட்டுக்கு அந்நியமன்று. நம் மாணவியர் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. தாத்தா பாட்டிக்குக் கைப்பேசியில் நேரலையைத் திறந்து தருவதோடு எழுந்து ஓடிவிடாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். வீட்டில் நோயாளி இருப்பதைப் பங்குக் குருவானவரிடம் சொல்லுங்கள். நற்கருணை வீடு தேடி வரும், ஆயர் கையிலிருந்து குருத்து வந்தது போல.

வானொலி வழியே திருச்சபையின் குரல் 1931 பிப்ரவரி 12 அன்று முதன்முதல் வத்திக்கானிலிருந்து ஒலித்தது. மார்க்கோனியே அந்நிலையத்தை அமைத்தார். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் திருகித் திருகிக் கேட்ட தலைமுறை நம் பெற்றோருடையது. கிளாராவின் சபையைச் சேர்ந்த அன்னை ஆஞ்செலிக்கா என்னும் கன்னியர், 1981-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தம் மடத்து வளாகத்திலேயே ஒரு கத்தோலிக்கத் தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கி உலகெங்கும் பரவச் செய்தார். கேரளத்துப் பரணங்ஙானத்தில் நோயாளியாய் வாழ்ந்து 1946-இல் இறந்து, 2008-இல் புனிதர் பட்டம் பெற்ற அல்போன்சம்மாளும் கிளாராவின் பெயர் தாங்கிய பிரான்சிஸ்கன் சபையினரே.

1253-இல் கிளாராவின் நோய் முற்றியது. உடைமையில்லாத வறுமை வாழ்வை உறுதிசெய்யும் தம் மட ஒழுங்குக்குப் பாப்பரசரின் ஒப்புதல் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. பெண்ணொருத்தி பெண்களுக்காக எழுதிய ஒழுங்கைத் திருச்சபை அதுவரை ஏற்றதில்லை. பாப்பரசர் 4-ஆம் இன்னொசென்ட் அப்போது அசிசியில் தங்கியிருந்தார். கிளாராவின் படுக்கைக்கே வந்து கண்டார். ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் எழுதப்பட்டது; ஏடு கைக்கு வந்ததும் கிளாரா அதை முத்தமிட்டார். பிரான்சிசின் பழைய தோழர்கள் லெயோ, ஆஞ்செலோ, ஜூனிப்பர் மூவரும் அருகிருந்தனர். ஆகஸ்ட் 11 அன்று அவர் ஆன்மா பிரிந்தது. அடக்கச் சடங்கில் இறந்தோர்க்குரிய செபத்துக்குப் பதிலாகக் கன்னியரான புனிதர்க்குரிய செபத்தையே பாட வேண்டும் என்றார் பாப்பரசர். அவசரம் வேண்டாமெனக் கர்தினால் ரைனால்தோ தடுத்தார். அதே ரைனால்தோ 4-ஆம் அலெக்சாண்டர் என்னும் பெயரில் பாப்பரசராகி, 1255-இல் தாமே கிளாராவைப் புனிதராக அறிவித்தார்.

1260-இல் அவருடைய உடல் நகருக்குள் கட்டிய புதிய ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. சகோதரியர் சான் தமியானோவை விட்டு அங்கே குடியேறினர்; பிரான்சிசோடு பேசிய சிலுவையையும் கையோடு கொண்டு சென்றனர். அது இன்றும் அவ்வாலயத்தில்தான் தொங்குகிறது. பாப்பரசரின் ஒப்புதல் ஏடு எங்கே போயிற்று என்று பல நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1893-இல் கிளாராவின் பழைய அங்கியின் மடிப்புக்குள் அது கிடைத்தது.